முகம் பார்த்து மூடும் நாள்

தம்பி,

இன்றைக்கு நம் கோயிலில் ஒன்றும் கிடையாது. காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பீடத்தில் விரிப்பு இல்லை, பூ இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. நற்கருணைப் பேழையின் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்கள், உள்ளே வெறும் மரம் தெரிகிறது. வருடம் முழுக்க அணையாமல் எரிகிற சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது. வாசலில் தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடக்கிறது, பழக்கத்தில் விரலை விட்டேன், தூசிதான் ஒட்டியது. நேற்று பெரிய வெள்ளி. நாளை உயிர்ப்பு ஞாயிறு. நடுவில் மாட்டிக்கொண்ட இந்தச் சனிக்கிழமைக்குப் பொழுது சாயும்வரை செய்ய வேலை எதுவும் இல்லை. சும்மா இருக்க வேண்டிய நாள். சும்மா இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் குழந்தையின் பேச்சு வந்தாலே, "அப்பா, இங்க டவர் சரியா இல்ல, அப்பால பேசுறேன்" என்று நீ வைத்துவிடுகிறாய். ஷார்ஜாவில் அப்படி என்ன டவர் இல்லாமல் போய்விட்டது என்று உன் அம்மா ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்கிறாள். இதை எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி ஸ்டெல்லாவிடமே கொடுக்கப்போகிறேன். அவளும் படிப்பாள். படிக்கட்டும். உன்னைக் கட்டினவளை விட்டுவிட்டு நீயும் நானும் பேசிக்கொண்டது போதும்.

நீ என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு போனாய். நேற்று அதை மீறிவிட்டேன். கோபப்படுவாய். பட்டுக்கொள், ஆனால் முழுதும் படித்துவிட்டுப் படு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து, குழந்தைக்கு நாடி இல்லை என்று சொன்னபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நிறைமாதம், பெண் குழந்தை. முந்தின வாரம்தான் தொட்டில் கட்டுவதற்கு உத்தரத்தில் கொக்கி மாட்டியிருந்தோம். ஸ்டெல்லாவை மயக்கத்தில் வைத்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி வந்து, "அம்மாவுக்குக் காட்டணுமா சார்? கொஞ்ச நேரம் வெச்சிருக்கலாம்" என்று கேட்டாள். நீதான் வேண்டாம் என்றாய். "ஒருவாட்டி பாத்துட்டான்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாப்பா. பாக்கவே வேணாம்" என்று என்னிடம் சொன்னாய். உன் முகத்தைப் பார்த்து நான் எதிர்த்துப் பேசவில்லை. அவள் மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

குழந்தையை வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கல்லறைக்கு வந்தோம். நீ வாசல் கேட்டோடு நின்றுவிட்டாய். உள்ளே வரச்சொல்லி நான் கூப்பிடவில்லை. ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாய், தோள் மட்டும் தெரிந்தது. குழி வெட்டுகிறவர் என்னிடம் மெதுவாக, "மண்ணு தள்றதுக்கு முன்னாடி மூஞ்சி பாக்கறியா அண்ணே?" என்று கேட்டார். நான் பார்த்தேன். இதை நீ ஊகித்திருப்பாய். அதனால்தான் விமானம் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்தத யாருகிட்டயும் சொல்லாதப்பா. முக்கியமா அவகிட்ட. வூட்ல யாரும் அழவும் கூடாது" என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

நீ போன பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. கொக்கியை நானே கழற்றினேன். சின்னத் துணிகளை உன் அம்மா மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டாள். அக்கம்பக்கத்தில் யாரும் துக்கம் விசாரிக்கக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னோம். வந்தவர்கள் மீன் விலையைப் பேசிவிட்டுப் போனார்கள். ஆனால் உடம்புக்கு யார் சொல்வது? ஸ்டெல்லாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. தாய் இல்லாத பெண், உன் அம்மாவிடம்தான் வந்து நின்றாள். பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூ வைத்துக் கட்ட வேண்டும் என்று உன் அம்மா பூ வாங்கிவரச் சொன்னாள். தபசு காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் பூ வைப்பதில்லை என்று பூக்காரம்மாவுக்குத் தெரியும். "இன்னாண்ணே, நோம்பு நாள்ல பூவு கேக்கற? வூட்ல விசேஷமா?" என்று சிரித்தாள். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த வாசனை வீட்டை விட்டுப் போகவே பல நாள் ஆயிற்று. ஸ்டெல்லா சாப்பிட்டாள், குளித்தாள், துணி துவைத்தாள், டிவியில் யாராவது சிரித்தால் கூடவே சிரித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நீ போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லா கீறாப்பா, ஒண்ணும் பேஜாரு இல்ல" என்று உன் அம்மா சொன்னாள். நல்லா இருக்கிறாள் என்று நாங்களும் நம்பப் பார்த்தோம்.

பெரிய வெள்ளிக்கு அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போகாதே என்று போன வாரம் சொன்னாய். "அங்க பூரா அழுதுகினு இருப்பாங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி செத்தவருக்கு வருசா வருசம் சாவு எடுக்கறாங்க. அவள அங்க இட்டுகினு போனா இன்னாத்துக்கு ஆவும்?" என்றாய். பதில் இல்லாமல் இல்லை. எனக்குப் பேச்சில் சொல்ல வராது. இப்போது சொல்கிறேன்.

துறைமுகத்தில் என்னோடு சரக்கு இறக்கிய மோசஸை உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவான். மஞ்சள் காமாலையில் போனான். அவனுக்குச் சின்னப் பிள்ளைகள். ஆஸ்பத்திரி, பெட்டி, சாமியார், வண்டி, சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடினேன். ஓடினதில் அழ மறந்துபோனேன். அப்புறம் அழுவதற்கு நேரமும் வாய்க்கவில்லை, இடமும் வாய்க்கவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் அழ முடியாது. வீட்டில் அழுதால் நீயும் உன் அம்மாவும் பயப்படுவீர்கள். அவன் போய் ஒரு வருடம் நெருங்கும்போது பெரிய வெள்ளி வந்தது. தூம்பா தூக்கினேன். இயேசுவின் மரச் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்தித் தெருத்தெருவாகச் சுமந்துபோகிற அந்தப் பெட்டி எத்தனை கனம் என்று தூக்கினவனுக்குத்தான் தெரியும், அதனால்தான் எப்போதும் ஹார்பர் ஆட்களாகப் பார்த்து நிறுத்துவார்கள். கம்பு தோளில் ஏறின உடனே எனக்கு மோசஸ் ஞாபகம் வந்தது. தெரு முழுக்க அழுதுகொண்டே போனேன். ஒருத்தரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்துக் கம்பைப் பிடித்தவர் தன் துண்டை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டார், என் இரண்டு கையும் கம்பில் இருந்ததால். அவ்வளவுதான்.

அந்த நாளுக்கு அர்த்தம் என்ன என்று சாமியார்கள் நிறையச் சொல்வார்கள், அதெல்லாம் உண்மைதான். அன்றைக்குப் பூசை கிடையாது. மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். சாமியார் வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் குப்புற விழுந்து கிடப்பார். கடவுளே செத்துக் கிடக்கிற நாளில் யாருக்கு என்ன பேச்சு வரும்? எனக்குப் புரிந்த அர்த்தம் சின்னது. செத்தவரைச் செத்தவர் என்று சொல்லி ஊரே கூடி அழுகிற நாள் அது. அவரவர் வீட்டுச் சாவையும் அந்தப் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகலாம். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

உனக்கும் அது தெரிந்திருந்தது. நீ சின்னவனாக இருந்தபோது தூம்பாவை மூடுகிற சமயத்தில் உன் அம்மாவின் இடுப்பிலிருந்து, "மூடாதீங்க, மூச்சு முட்டும், மூடாதீங்க" என்று கோயிலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய். உன்னை வெளியே தூக்கிக்கொண்டு போய்ச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளை எப்போது இப்படி எல்லாவற்றையும் மூடிவைக்கப் பழகினான் என்று யோசித்துப் பார்க்கிறேன். என்னைப் பார்த்துத்தான் பழகியிருப்பாய். வேறு யாரைப் பார்த்துப் பழக முடியும்?

நேற்று மத்தியானம் நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். உன் அம்மா ஒப்பாரிப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள், எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றாள். ஸ்டெல்லா உள்ளேயிருந்து வெள்ளைப் புடவையில் வந்தாள்.

"மாமா, நானும் வரேன்."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். "வேணாம்மா, ஒடம்பு இன்னும் சரியாவல. அவன் வேற வேணாம்னு சொல்லிகீறான்" என்றாள்.

"அவரு சொன்னது தெரியும் அத்த. அவருகிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

கோயிலில் வழக்கம்போலக் கூட்டம். சிலுவையிலிருந்து ஆணிகளைப் பிடுங்கி, கை மடங்குகிற அந்தப் பழைய சுரூபத்தை வெள்ளைத் துணியில் இறக்கினார்கள். கறுப்புச் சேலை கட்டின வியாகுல மாதா சுரூபம் பக்கத்தில். உன் அம்மா பாட்டை எடுத்தாள், பெண்கள் எல்லாரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஜனங்கள் வரிசையில் வந்து பாதத்தை முத்தமிட்டுவிட்டுப் போனார்கள். நான் தூம்பாவின் முன்கம்பு அருகே நின்றிருந்தேன். கடைசியாகக் கோயில் உபதேசியார் கையைத் தூக்கி, எந்தச் சாவு வீட்டிலும் சொல்கிறதையே சொன்னார்: "மொகம் பாக்காதவங்க வந்து பாத்துக்குங்க. மூடப் போறோம்."

ஸ்டெல்லா வரிசையிலிருந்து விலகி வந்தாள். பாதத்துக்குப் போகவில்லை. தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முள்முடி பட்ட இடத்தில் துணி விலகியிருந்தது, அதை இழுத்துச் சரி செய்தாள். ஒழுங்குபடுத்துகிற பையன் ஒருவன், "சீக்கிரம் நகருங்கக்கா, டைம் ஆவுது" என்றான். வரிசையில் நின்ற ஒரு மீன்காரம்மா அவனை முறைத்தாள். "இன்னாடா உனக்கு அவசரம்? பாக்கட்டும் வுடு. நீயா செத்துக் கெடக்கற?"

பிறகு ஸ்டெல்லா நேராக என்னிடம் வந்தாள். கண் காய்ந்துதான் இருந்தது.

"மாமா, இவருக்குக் கூட மூஞ்சி பாத்துட்டுத்தான மூடறாங்க?"

"ஆமாம்மா."

"எம் புள்ள மூஞ்சிய யாரு பாத்தது?"

தம்பி, எனக்கு உன் கை ஞாபகம் வந்தது. நீ பிடித்த பிடி ஞாபகம் வந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாக்கு நின்றிருக்கும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாருமே பார்க்காமல் தன் பிள்ளை மண்ணுக்குள் போய்விட்டது என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். டிவியைப் பார்த்துச் சிரித்தபோதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் பாத்தேம்மா" என்றேன்.

அதற்குள் மரக்கட்டை தட்டிவிட்டார்கள். தூக்க வேண்டும். தூக்கினோம். வயதாகிவிட்டது, கம்பு எலும்பில் உட்கார்ந்தது. ஸ்டெல்லா விலகிப் போகவில்லை. என் பக்கத்தில் கம்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். "முடி இருந்துச்சா மாமா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். "நெறையவா?" நிறைய. தெருமுனை திரும்பும்போது மறுபடி கேட்டாள். "தலைய மூடினாங்களா, சில்லுனு இருந்திருக்குமே." துணி சுற்றியிருந்தது, நான்தான் மறுபடி இழுத்து மூடினேன் என்றேன். "அவளுக்கு வலிச்சிருக்குமா?" தெரியாதும்மா என்றுதான் சொன்னேன். அந்த இடத்தில்தான் அவளுக்கு உடைந்தது.

அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. அவள் கீழே உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்தேன், என் கை இரண்டும் கம்பில். பாடிக்கொண்டு வந்த பெண்கள் இரண்டு பக்கமும் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் நாங்கள் வாசலில் நிறுத்தி வைத்தவர்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவர்களும் அழுதார்கள். உன் அம்மாவின் பாட்டு நடுவில் நின்றுபோயிற்று. இத்தனை வருடத்தில் அவள் பாட்டை விட்டது நேற்றுத்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டாள். "எங் கண்ணே, பால குடுக்க வுடாம போச்சே" என்று தெருவே கேட்கும்படி கதறினாள்.

ஹார்பர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. முதல் வண்டிக்காரன் என்ஜினை அணைத்தான், பின்னாலேயே ஒவ்வொன்றாக அணைந்தன. வருடா வருடம் மோர் ஊற்றுகிற பாய் வீட்டம்மா பந்தலிலிருந்து இறங்கி வந்து ஸ்டெல்லாவின் வாயில் டம்ளரை வைத்து, "குடிம்மா. தொண்ட வறண்டுடும். குடிச்சிட்டு அழு" என்றாள். குடித்துவிட்டு அழுதாள்.

சுற்றிவந்து கோயில் சேர்ந்தோம். கஞ்சி ஊற்றினார்கள். ஸ்டெல்லா இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். பசியோடு அவள் சாப்பிட்டு நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் பரணிலிருந்து மூட்டையை எடுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மடித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போகச் சொல்லவில்லை.

இன்று காலையில் அவளும் என்னோடு கோயிலுக்கு வந்தாள், அங்கிருந்து அப்படியே கல்லறைக்குக் கூட்டிப்போனேன். இடத்தைக் காட்டினேன். மண் அமுங்கியிருந்தது, பக்கத்தில் புல் வந்திருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை அந்த மண்ணில் வைத்துக்கொண்டு, "அமலி" என்று கூப்பிட்டாள். பெண் பிறந்தால் வைக்க நீங்கள் இரண்டு பேரும் பார்த்து வைத்திருந்த பேர் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். பிறகு எழுந்து, "போலாம் மாமா" என்றாள்.

அவள் சரியாகிவிட்டாள் என்று எழுத மாட்டேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதாள், இப்போதும் அடுப்படியில் அழுதுகொண்டுதான் இருக்கிறாள். இனியும் நாள் கணக்கில் அழுவாள். நீ பயந்தது அதைத்தான். மறக்கவும் மாட்டாள், அதிலும் நீ சொன்னது சரிதான். ஆனால் அவளை மறக்கவைக்க முடியும் என்று நாம் நினைத்தோமே, தம்பி, அது நடக்கிற காரியமா? வயிற்றில் வைத்திருந்தவள் அவள்.

உன் மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறது. மறைத்து என்ன பயன்? ஏன் எனக்குக் காட்டவில்லை என்று கேட்பாள். அதற்கு நல்ல பதிலாக யோசித்து வைத்துக்கொண்டு போன் செய்யாதே. பயந்துவிட்டேன் என்று சொல். அழுகை வந்தால் அழு, போனை வைக்காதே. அவளும் வைக்க மாட்டாள். எப்படியாவது கேட்டு ஒரு வாரம் லீவு வாங்கு. வந்து அவளோடு அந்த இடத்துக்குப் போ. இந்தத் தடவை கேட்டோடு நிற்காதே. நானும் கூட வருகிறேன், வேண்டாம் என்றால் வெளியே இருக்கிறேன்.

உபதேசியார் நேற்று முகம் பார்க்காதவர்களைக் கூப்பிட்டபோது எனக்கு உன் நினைப்பும் வந்தது. நீயும் பார்க்காதவன்தான். எனவே அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மறைக்காததை உனக்கும் மறைக்கவில்லை. தூங்குகிற பிள்ளை மாதிரி இருந்தாள் என்று சொன்னால் அது பொய். உதடு கறுத்திருந்தது. கன்னத்தில் ஒரு பக்கம் தோல் லேசாக உரிந்திருந்தது. முடி சுருட்டை, காது வரைக்கும் வந்திருந்தது. மோவாயில் ஸ்டெல்லாவுக்கு இருக்கிற குழி இருந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடியிருந்தாள், நான் பிரிக்கவில்லை. நெற்றி உன்னுடையது, தம்பி. நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கினவன் நான். எனக்குத் தெரியும்.

அப்பா